வேனுக்குள் ஒரு ரீங்காரம்



நாள்தோறும் நம்மில் பலர் பள்ளி வேனில் வருகிறோம், போகிறோம். வேனில் பாட்டு ஓடுகிறது. பாட்டின் பின்னாலேயே 'ஙொய்ங்' என்று ஒரு ரீங்காரமும் ஓடுகிறது. "வண்டி என்றால் சத்தம் வராமலா இருக்கும்?" என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியால் அப்படி இருக்க முடியவில்லை.

அவளுக்குக் கண்பார்வை இல்லை. தேர்வில் அவள் விடை சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். ஆனால் படிக்க வேண்டியவள் அவள்தானே! எனவே நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பாடங்களை வாய்விட்டு வாசித்து, பதிவு செய்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு முக்கால் மணி நேரப் பயணம். அந்த நேரம் முழுவதும் வேனில் பாடம் ஓடும். அவளோடு நாங்களும் கேட்போம். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது இந்த ரீங்காரம் தொடங்கியது. வேன் வேகம் எடுத்தால் பாடத்தில் பாதிச் சொற்கள் காதில் விழவில்லை.

டிரைவர் அண்ணன் ஒரு கடையில் காட்டினார். "செட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். அதற்குப் பணம் இல்லை என்றதும், செட்டுக்கு மின்சாரம் வரும் வயரில் ஒரு ஃபில்டரை மாட்டி அனுப்பினார்கள். ரீங்காரம் இம்மியும் குறையவில்லை. புற்றை அடித்தால் பாம்பு சாகுமா?

இந்தச் சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். பட்டறைகளில் இன்றும் இதை 'டைனமோ' என்றே சொல்கிறார்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். ஓடும்போது அது 14 வோல்ட் அளவுக்கு உயரும். ஆல்டர்னேட்டரில் உண்டாவது மாறுதிசை மின்சாரம். அதனுள் இருக்கும் டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் அதன் மேல் சிறு அலைகள் மிஞ்சி நிற்கும், குளத்துத் தண்ணீரில் காற்றடிக்கும்போது நிற்பதுபோல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இன்ஜின் நிமிடத்திற்கு 1500 சுற்று சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரின் கப்பி சிறியது. அது இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது 3000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 50 சுற்று. அதில் ஆறு ஜோடிக் காந்தமுனைகள் இருந்தால் 300 ஹெர்ட்ஸ். மூன்று கட்ட மின்சாரத்தை டயோடுகள் மாற்றும்போது அலைகள் ஆறு மடங்காகின்றன. ஆக 1800 ஹெர்ட்ஸ். நம் காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது! ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏன் கீச்சென்று உயர்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

பெட்ரோல் வண்டிகளில் இன்னொரு சத்தமும் உண்டு. அது ரீங்காரம் அன்று; 'டக் டக் டக்' என்ற ஒலி. ஸ்பார்க் பிளக்கில் பல்லாயிரம் வோல்ட்டில் பொறி பறக்கும்போது வானொலி அலைகளும் கிளம்புகின்றன. 1887-ல் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் முதன்முதலில் அந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியதும் மின்பொறியைக் கொண்டுதான். வானொலியில் மட்டும் டக் டக் என்று கேட்டு, ஏரியல் வயரைக் கழற்றியதும் நின்றுவிட்டால், அது ஏரியல் வழியே வந்தது என்று அறியலாம். எங்கள் வேன் டீசல் வண்டி. அதில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. எனவே அந்தச் சந்தேகம் நீங்கியது.

இனிச் சோதனைக்கு வருவோம். ஞாயிறு காலை, வயரிங் வேலை தெரிந்த அண்ணாச்சி ஒருவர் வந்தார். நாங்கள் நோட்டும் பேனாவுமாக நின்றோம்.

முதல் சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் போட்டோம். ரீங்காரம் இல்லை. ஆகவே செட் பழுதாகவில்லை.

இரண்டாவது சோதனை: இன்ஜினை ஓடவிட்டு வால்யூமைக் குறைத்தோம். "பாட்டு குறைகிறது, இரைச்சல் குறையவில்லை" என்று முதலில் சொன்னவள் எங்கள் தோழிதான். "சரியாகப் பிடித்தாய், தாயீ!" என்றார் அண்ணாச்சி. வால்யூமோடு சேர்ந்து சத்தமும் குறைந்தால், கோளாறு வால்யூம் திருகுக்கு முன்னால் இருக்கிறது. குறையாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதாவது செட்டிலிருந்து பின் சீட்டுக்கு அடியில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியிலோ, ஆம்ப்ளிஃபயரிலோ!

மூன்றாவது சோதனை: ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்த சிக்னல் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த வாயை ஷார்ட் பின்னால் அடைத்தோம். அமைதி! ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி அன்று. சத்தம் சிக்னல் வயர் வழியேதான் வருகிறது.

நான்காவது சோதனை: பேட்டரி வயரோடு ஒட்டிப் போனால் சிக்னல் வயர் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். வேறொரு சிக்னல் வயரைச் சீட்டுகளின் மேலாகத் தனியே போட்டுப் பார்த்தோம். ரீங்காரம் அப்படியே இருந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: எர்த்!

வண்டியில் எர்த் என்பது மண்ணன்று. வண்டியின் இரும்புக் கூடுதான் பேட்டரியின் மைனஸ் வழி. செட்டின் எர்த் முன்னால் ஓரிடத்திலும், ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னால் சீட்டு போல்ட்டிலும் கொடுக்கப்பட்டிருந்தன. சிக்னல் வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டு எர்த்துக்கும் இடையே அளந்தார் அண்ணாச்சி. 0.2 வோல்ட் காட்டியது. ஆம்ப்ளிஃபயர் இழுத்த மின்சாரம் 2 ஆம்பியர். ஓம் விதி நமக்குப் பாடமாயிற்றே! 0.2-ஐ 2-ஆல் வகுத்தால் 0.1 ஓம். இத்தனை சிறிய தடை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஆல்டர்னேட்டரின் அலையும் அந்தத் தடை வழியேதான் போகிறது. அங்கே தோன்றும் சிறு மின்னழுத்தம் சிக்னல் வயரின் மேலுறை வழியாகப் பாட்டோடு கலந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் பெருக்கித் தருகிறது.

போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயிண்டும் துருவும்! சில மாதங்களுக்கு முன் சீட்டைப் பழுது பார்த்தபோது பெயிண்டின் மேலேயே எர்த்தை முடுக்கியிருக்கிறார்கள். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, தடித்த குட்டை வயரைப் பல்வைத்த வாஷரோடு இறுக்கி, துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினார் அண்ணாச்சி. பேட்டரியை மாட்டி இன்ஜினை ஓட்டினோம். ரீங்காரம் போயே போய்விட்டது. மெல்லிய 'கிர்' மட்டும் மிஞ்சியது. சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த போன் சார்ஜரைப் பிடுங்கியதும் அதுவும் நின்றது. செலவு, வயருக்கும் வாஷருக்கும் கொடுத்த சில ரூபாய்தான். அண்ணாச்சி கூலி வாங்க மறுத்துவிட்டார்.

தோழியரே, சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம். மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்ட வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றக் கூடாது, தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றும் பழைய வழக்கம் அறவே ஆகாது. மின்னழுத்தம் திடீரென எகிறி, டயோடுகளும் வண்டியின் மின்னணுப் பகுதிகளும் கெட்டுவிடும். எர்த்தைச் சரிசெய்தும் ரீங்காரம் போகவில்லையானால், ஆல்டர்னேட்டரில் டயோடு போயிருக்கலாம். அதைப் பட்டறையில் காட்டுவதே நலம்.

மறுநாள் காலை வேனில் வரலாறு பாடம் ஓடியது. தோழி கண்டு சொன்ன ஒரு வரி இல்லையென்றால் நாங்களும் புற்றைத்தான் அடித்துக்கொண்டிருப்போம் என்று அவளைப் பாராட்டினோம். அவள் சிரித்தாள்.

"இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் வாசிக்காமல் தாண்டிப் போன பத்திகளும் தெரிகின்றன" என்றாள்.

அன்று மாலையே உட்கார்ந்து, விட்ட பத்திகளையெல்லாம் மறுபடி வாசித்துப் பதிவு செய்தோம்.