பன்னீர் திராட்சைக்கு ஜப்பானில் ஒரு பிள்ளை!

‘ஒயின் ஷாப்’ என்று போர்டு தொங்கிய காலத்தில், உள்ளே போய் நிஜமாகவே ஒயின் கேட்டவர் யாராவது உண்டா? கேட்டிருந்தால், கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, “சாருக்கு ஊருக்குப் புதுசா?” என்றிருப்பார். 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனதும் போர்டு மாறியது. ஜனங்கள் வாயில் மட்டும் இன்னமும் அது ஒயின் ஷாப்தான்!

இப்படிப்பட்ட நாட்டில் ஒயினை ருசி பார்த்து மார்க் போடுவது பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை. கார் கம்பெனிகளோடு கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் வந்தார்கள். அவர்களோடு அவர்கள் சாப்பாடும் வந்தது. லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் மதுவும் கொண்டு வரலாம். அப்படி ஒரகடத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பாட்டிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஒயினின் பெயர் ‘மஸ்கட் பெய்லி ஏ’. பெயரைக் கேட்டால் துபாய் பக்கத்துச் சரக்கு மாதிரி இருக்கும். சுத்தமான ஜப்பான் பிறப்பு! ஜாதகத்தைப் பார்த்தால்தான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அம்மா, அமெரிக்காவில் டெக்ஸாஸ்காரர் மன்ஸன் உருவாக்கிய ‘பெய்லி’ என்ற கலப்புத் திராட்சை. அப்பா, ‘மஸ்கட் ஹாம்பர்க்’.

மஸ்கட் ஹாம்பர்க் யார் தெரியுமா? தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, நம்ம பன்னீர் திராட்சை... சாட்சாத் அவரேதான்!

குலம் கோத்திரம்

ஒயின் உலகத்தில் குலம் கோத்திரம் பார்ப்பது நம் கல்யாணத் தரகர்களையும் மிஞ்சும். ஐரோப்பியத் திராட்சை ஒரு தனி இனம். அதுதான் ‘நல்ல குடும்பம்’. 1860-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பிலாக்ஸெரா என்ற துக்குணிப் பூச்சி, அந்த நல்ல குடும்பத்தின் வேரையே அரித்துவிட்டது. பிரான்ஸில் தோட்டம் தோட்டமாகக் கருகிப் போயிற்று.

பிழைக்க இரண்டு வழி. ஒன்று, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவது. இரண்டாவது, இரண்டு இனங்களுக்கும் கல்யாணமே செய்து வைப்பது. அப்படிப் பிறந்த பிள்ளைகள்தான் ஹைபிரிட் ரகங்கள். நோய் தாங்கும், குளிர் தாங்கும். 1996-ல் அமெரிக்காவின் மின்னஸோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃப்ரான்டினாக் ரகம், மைனஸ் 30 டிகிரி குளிரிலும் உயிரோடு நிற்கிறது.

ஆனால் அந்தஸ்து? 1934-ல் பிரான்ஸ் சட்டமே போட்டு ஆறு அமெரிக்க வழி ரகங்களைத் தடை செய்தது. தரமான பிராந்தியப் பெயர் போட்ட ஒயின்களில் ஹைபிரிட் திராட்சை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய யூனியன் மனம் இரங்கியது 2021-ல்தான்.

நமக்கு இது ஆச்சரியமே இல்லை, சார். கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1912-ல் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள்? ஒஸ்தி கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தார்கள். பிறந்தது ‘கோ 205’. வடஇந்தியாவின் குளிரிலும் வறட்சியிலும் நன்றாக விளைந்தது அந்தக் கலப்புதான். காப்பியில் சர்க்கரை போடும்போது யாரும் நாணலின் கோத்திரம் கேட்பதில்லை!

பனியில் ஒரு பைத்தியம்

ஜப்பானின் நீகாடா பகுதியில் குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி கொட்டும். அங்கே கவாகாமி ஸென்பெய் என்று ஒரு நிலச்சுவான்தார். நெல்லை மட்டும் நம்பி, விளைச்சல் பொய்த்தால் பட்டினி என்று கிடந்த விவசாயிகளுக்கு இன்னொரு பயிர் வேண்டுமே என்று, 1890-ல் தன் வீட்டுத் தோட்டத்தையே வெட்டித் திராட்சை போட்டார். ஐரோப்பியக் கொடிகள் அந்தப் பனிக்கும் ஈரத்துக்கும் சரிப்பட்டு வரவில்லை. மனுஷன் விடவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கலப்புகளைச் செய்து பார்த்தார். தேறியது 22. அதில் ஒன்று, 1927-ல் கலந்த மஸ்கட் பெய்லி ஏ. ஒயின் நொதிக்கும்போது சூடேறாமலிருக்க, கொட்டிய பனியையே சேமித்து வைத்துப் பயன்படுத்தினார். சொத்து கரைந்தது, ரகம் நின்றது. இன்று ஜப்பானின் சிவப்பு ஒயின் ரகங்களில் முன்வரிசையில் நிற்பது அதுதான்.

மார்க் போடுவது எப்படி?

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது ஆடிட்டிங் மாதிரிதான் தெரிகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் வகுத்த முறையில் மொத்தம் 20 மார்க். தெளிவு, நிறம், வாசனை, புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்துப் போட வேண்டும். ‘நல்லாருக்கு’ என்றால் செல்லாது. வவுச்சர் வேண்டும்!

முதலில் கிளாஸைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்தின்மேல் நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு தடவை முகர்ந்து, கிளாஸைச் சுழற்றி, மறுபடி முகர வேண்டும். சுழற்றினால் அடியில் ஒளிந்திருக்கும் வாசனை மேலே வரும். அதன்பிறகுதான் ஒரு வாய். அதையும் வாயெல்லாம் சுற்றவிட்டுத் துப்பிவிட வேண்டும். நம் தாத்தாக்கள் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம் இங்கே ரொம்ப உபயோகம். துப்புவதால் போதை தலைக்கேறாது. பத்தாவது கிளாஸுக்கும் நியாயமான மார்க் கிடைக்கும்.

குளிர்ப்பிரதேச ஹைபிரிட் ஒயினுக்கு இரண்டு குணம். ஒன்று, புளிப்பு தூக்கல். வெயில் அதிகம் காயாத ஊரில் பழத்தின் மாலிக் அமிலம் முழுக்கக் கரையாது. பச்சை ஆப்பிளைக் கடித்தால் வருமே, அதே புளிப்பு. இரண்டாவது, துவர்ப்பு கம்மி. பல ஹைபிரிட் பழங்களில் இருக்கும் ஒருவிதப் புரதம், துவர்ப்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒயினுக்குள் விடாது. இதெல்லாம் தெரியாமல் பிரெஞ்சு ஒயினோடு ஒப்பிட்டு மார்க்கைக் குறைப்பது, இட்லியை ரொட்டி மாதிரி இல்லை என்று ஃபெயிலாக்குவதற்குச் சமம்.

ஒரகடத்தில் ஒரு நண்பரின் அறையில், பாட்டிலைக் கொண்டுவந்த ஜப்பான் இன்ஜினீயர், ஒரு கொரியாக்காரர், நான், நண்பர் என நாலு பேர் உட்கார்ந்தோம். ஒயினுக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் தள்ளுவண்டியில் வாங்கிய பன்னீர் திராட்சையும் கொஞ்சம் பெங்களூர் ப்ளூவும்.

நிறம்: ரோஜாப்பூ கலந்த லேசான சிவப்பு. வாசனை: நண்பர் சட்டென்று, “பஞ்சு மிட்டாய்டா!” என்றார். சரியான பதில்! ஸ்ட்ராபெர்ரியில் இருக்கும் ஃபுரானியால் என்ற பொருள் இந்த ஒயினில் தூக்கலாக உண்டு. ருசி: மெல்லிய புளிப்பு, துவர்ப்பே இல்லாத மாதிரி. என் மார்க் 20-க்கு 14.

கொரியாக்காரரோ ஒயினை விட்டுவிட்டு பெங்களூர் ப்ளூவை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். “எங்க ஊர்ப் பழம் மாதிரியே இருக்கு!” பெங்களூர் ப்ளூவும் அமெரிக்க இனம் கலந்த ஹைபிரிட்தான். கொரியாவில் பல வருஷம் வீட்டுக்கு வீடு சாப்பிட்ட கேம்ப்பெல் எர்லியும் அப்படியே. இரண்டிலும் வரும் அந்த கிரேப் மிட்டாய் வாசனைக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று பெயர். ஐரோப்பிய நிபுணர்கள் அதை ‘நரி வாசனை’ என்று மூக்கைப் பொத்துவார்கள். ஒருவருக்கு நரி, இன்னொருவருக்கு அம்மா வீடு! மார்க் ஷீட்டில் மூக்கு மட்டுமில்லை, அது வளர்ந்த ஊரும் கையெழுத்துப் போடுகிறது.

கம்பத்துக்கு எத்தனை மார்க்?

சரி, பிள்ளைக்கு 14. அப்பாவுக்கு?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க அறுவடை நடக்கிற அபூர்வமான பள்ளத்தாக்கு அது. ஆனால் பழுத்த பன்னீர் திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. தோல் மெல்லிசு, சீக்கிரம் உதிரும். மழை பெய்தால் பழம் வெடிக்கும். வியாபாரி சொல்கிற விலைதான் விலை. அந்தப் பழத்தின் புளிப்பு எவ்வளவு, வாசனை எவ்வளவு என்று வாங்குகிற நாம் கேட்டதுண்டா? ‘கிலோ என்ன விலை?’ என்பதோடு சரி.

நம் ஊரில் ஒயின் ஆறு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடி எத்தனை குடும்பத்தைக் குடித்தது என்பது நமக்குத் தெரியும். ஜூஸாகட்டும், ஜாமாகட்டும், எதுவாகவும் இருக்கட்டும். மதிப்புப் போடத் தெரிந்தால்தான் மதிப்பு கூடும். பனிக்காட்டில் ஒருத்தர் இதே திராட்சையை முகர்ந்து பார்த்து, பொறுமையாக எடை போட்டார். அவர் ஊருக்கு ஒரு பயிர் கிடைத்தது.

அடுத்த தடவை தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை வாங்கும்போது ஒரு பழத்தை முகர்ந்து, மெதுவாகக் கடித்து, இருபதுக்கு எத்தனை என்று மனசுக்குள் ஒரு மார்க் போடுங்கள்.

பேரத்தை அப்புறம் பேசிக்கலாம்!