எபிசோட் 41: ஆறு எலுமிச்சம்பழமும் ஒரு ஆணி டப்பாவும்

(பேசினதை படிக்கிறதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சுருக்கியிருக்கேன். ரெண்டு இடத்துல என் பக்கத்து வீட்டு நாய் பேசினதையும் எடுத்துட்டேன்.)

போன எபிசோட்ல என் வீக்எண்ட் பழக்கம் ஒண்ணைப் பத்தி போற போக்குல சொன்னேன். ஜியோகேஷிங். அதுக்கு வந்த மெயில்ல பாதி "அப்படின்னா என்ன ப்ரோ?", மீதி "இதெல்லாம் போலீஸ் பிடிக்காதா?" முதல் கேள்வி ஈஸி. ரெண்டாவதுக்குத்தான் இந்த எபிசோட்.

சுருக்கமா சொன்னா, உலகத்துல எங்கேயோ ஒருத்தர் ஒரு டப்பாவை ஒளிச்சு வெச்சு, அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை ஆன்லைன்ல போடுவாரு. நீங்க போனை எடுத்துக்கிட்டு போய் தேடணும். கிடைச்சா உள்ள ஒரு சின்ன நோட்டு இருக்கும். பேரும் தேதியும் எழுதிட்டு, இருந்த இடத்துலயே திரும்ப வெச்சுட்டு வரணும். அவ்வளவுதான். பரிசு கிடையாது. டப்பா பெருசா இருந்தா உள்ள கீசெயின், சின்ன பொம்மைன்னு எதாவது கிடக்கும். ஒண்ணு எடுத்தா, அதே மதிப்புல ஒண்ணு போடணும். உலகம் முழுக்க இப்ப 30 லட்சத்துக்கு மேல டப்பா இருக்கு. விரல் நுனி அளவுல காந்தம் ஒட்டினதும் இருக்கு, பக்கெட் சைஸ்லயும் இருக்கு.

இது ஆரம்பிச்ச கதை ஒரு இன்ஜினியருக்கு ரொம்பப் பிடிக்கும். 2000 வரைக்கும் ஜிபிஎஸ் சிக்னல்ல அமெரிக்க ராணுவம் வேணும்னே பிழையைக் கலந்து அனுப்பிட்டு இருந்தது. சாதாரண ஆளோட கருவி 100 மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும். 2000 மே மாசம் ஆரம்பத்துல, அதிபர் கிளிண்டன் உத்தரவுப்படி அதை நிறுத்தினாங்க. ஒரே ராத்திரில உலகத்துல இருக்கிற எல்லா ஜிபிஎஸ் கருவியும் பத்து இருபது மீட்டருக்குள்ள சரியா காட்ட ஆரம்பிச்சது. யாரும் எதையும் அப்டேட் பண்ணல! மே 3 அன்னிக்கு ஓரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்னு ஒரு கம்ப்யூட்டர் கன்சல்டன்ட், இதை டெஸ்ட் பண்ணிப் பார்க்க காட்டோரமா ஒரு பக்கெட்டை வெச்சு, ஆயத்தொலைவை இன்டர்நெட்ல போட்டாரு. உள்ள புத்தகம், சாஃப்ட்வேர், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். மூணு நாளுக்குள்ள ரெண்டு பேர் கண்டுபிடிச்சுட்டாங்க.

இதுல ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்த பக்கெட் மண்ணுல பாதி புதைச்சு வெச்சது. இன்னிக்கு ஜியோகேஷிங்ல முதல் விதியே "தோண்டாதே, புதைக்காதே". ஆரம்பிச்சவர் பண்ணதை இப்ப யாரும் பண்ணக் கூடாது. ஏன்னா "புதைச்சு வெச்சத தேடுறாங்களாம்"னு செய்தி பரவினதும், பார்க்கை பராமரிக்கிறவங்க மனசுல வந்த முதல் படம், மண்வெட்டியோட நூறு பேர். அதுக்கப்புறம் எவ்வளவு விளக்கினாலும் அந்தப் படம் முழுசா அழியல.

நான் இதைக் கத்துக்கிட்டது இங்கிலாந்துல, லீட்ஸ்ல. ஆன்சைட்ல ஒன்றரை வருஷம். டீம்ல ஒரு சீனியர் டெஸ்டர், அம்பது வயசுக்கு மேல, லஞ்ச் டைம்ல என்னைக் கூட்டிட்டுப் போய் பார்க் பெஞ்சுக்கு அடியில கையை விடச் சொன்னாங்க. ஒரு பழைய ஃபிலிம் டப்பா கிடைச்சது. உள்ள சுருட்டின பேப்பர், பத்து வருஷத்துக் கையெழுத்து. அன்னிக்கு விழுந்தவன்தான்.

அவங்க சொல்லிக் கொடுத்த மரியாதையெல்லாம் ரொம்ப சாதாரணம். எடுத்த இடத்துலயே, எடுத்த மாதிரியே வை. "இன்னும் நல்லா ஒளிக்கிறேன்"னு இம்ப்ரூவ் பண்ணாதே. எங்க இருந்ததுன்னு ஆன்லைன்ல உடைக்காதே. கிடைக்கலன்னா கிடைக்கலன்னு பதிவு பண்ணு, அதுல அசிங்கம் இல்ல. டப்பாவே காணாம போயிருந்தா வெச்சவருக்கு அப்பதான் தெரியும். சாப்பாட்டுப் பொருள் போடாதே, எலி வரும், எறும்பு வரும். செடியை மிதிக்காதே.

இன்னொண்ணும் சொன்னாங்க. யாரும் பார்க்காதப்ப எடு. இந்த ஆட்டம் தெரியாதவங்களை இவங்க "மகிள்"னு சொல்லுவாங்க, ஹாரி பாட்டர்ல இருந்து எடுத்தது. மகிள் கண்ணுல பட்டா டப்பா குப்பைக்குப் போயிடும்னு பயம். அதனால சிலர் ஷூ லேஸ் கட்டுற மாதிரி நடிப்பாங்க. சிலர் பளபளன்னு மஞ்சள் கோட்டு மாட்டி, கையில ஒரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு கார்ப்பரேஷன் ஆள் மாதிரி நிப்பாங்க. சிரிப்பா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு இந்த விதி ஆரம்பத்துல இருந்தே உறுத்தல்.

ஏன்னா அவங்க குனிஞ்சா லேஸ் கட்டுறாங்க. நான் குனிஞ்சா? ஒருநாள் சாயங்காலம் தனியா போய், ஒரு பாலத்துக் கைப்பிடிக்குப் பின்னாடி தடவிட்டு இருந்தேன். நாயோட வந்த ஒருத்தர் நின்னாரு. பார்த்தாரு. போனை எடுத்தாரு. அவர் வீட்டுக்கே கூட பேசியிருக்கலாம். ஆனா மாநிறத்துல, தாடியோட, முதுகுல பையோட, இருட்டுற நேரத்துல பாலத்துக்கு அடியில கையை விட்டுக்கிட்டு நிக்கிறவனுக்கு அதைச் சோதிச்சுப் பார்க்கிற தைரியம் வராது. டப்பாவைத் தொடாமலே நடந்து வந்துட்டேன்.

மறுநாள் இதை அந்த டெஸ்டர்கிட்ட சொன்னப்போ, வெதர்பி கதையைச் சொன்னாங்க. லீட்ஸ்ல இருந்து 20 கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற சின்ன ஊர். 2011 ஜூலைல, கடைத்தெருவுல ஒருத்தர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை பூத்தொட்டிக்கு அடியில வைக்கிறதைப் பார்த்து யாரோ போலீஸுக்குச் சொல்லிட்டாங்க. தெருவை காலி பண்ணி, ராணுவத்தோட வெடிகுண்டு நிபுணர்கள் வந்து, டப்பாவை வெடிக்க வெச்சாங்க. உள்ள இருந்தது நம்ம நோட்டு.

அதுல தப்பு யாரோடது? போலீஸ் மேல சொல்ல முடியாது, அவங்க வேலை அது. பார்த்துச் சொன்னவர் மேலயும் இல்ல. "மக்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு சில கேஷர்ஸ் பேசுவாங்க, எனக்கு கடுப்பாகும். கடை வாசல்ல இருக்கிற தொட்டிக்கு அடியில ஒரு பொருளை வைக்கிறோம். அந்தக் கடைக்காரருக்கு மட்டும் அது தெரியாது, உலகத்துல மத்த எல்லாருக்கும் ஆன்லைன்ல தெரியும். இது என்ன நியாயம்? இத்தனைக்கும் விதிப்புத்தகத்துலயே தெளிவா இருக்கு: இடத்துக்குச் சொந்தக்காரர்கிட்ட அனுமதி வாங்கணும், பள்ளிக்கூடம், ரயில்வே மாதிரி இடங்களை விட்டு விலகி இருக்கணும். அமெரிக்காவுல பல பேர் டப்பாவா பயன்படுத்துறது ராணுவம் கழிச்சு விட்ட தோட்டாப் பெட்டி. தண்ணி புகாது, மலிவு, பல வருஷம் தாங்கும். இன்ஜினியரிங் கோணத்துல சூப்பர். மேல இருக்கிற எழுத்தை பெயிண்ட் அடிச்சு மறைக்காம மரத்தடியில வெச்சா, பார்க்கிறவன் என்னன்னு நினைப்பான்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2023 பிப்ரவரி. நான் சென்னைக்குத் திரும்பிட்டேன். நம்ம பக்கம் கேஷ் ரொம்ப கம்மி. ஆப்ல தேடினா செங்கல்பட்டு தாண்டி, ஒரு கிராமத்தை ஒட்டின சின்ன குன்றுல ஒண்ணு இருந்தது. ஊர் பேர் வேணாம். நான், என் ரூம்மேட், என் தங்கச்சி, மூணு பேர் ரெண்டு பைக். நேரா குன்றுக்குப் போய் பாறை இடுக்குல டார்ச் அடிச்சுத் தேட ஆரம்பிச்சோம். அரை மணி நேரத்துல கீழ இருந்து ஏழெட்டு பேர் வந்தாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு பெரியவர் முன்னாடி.

"என்னப்பா தேடுறீங்க?"

லீட்ஸ்ல கத்துக்கிட்ட விதிப்படி நான் சொன்னேன், "ஒண்ணும் இல்லைங்க ஐயா, சும்மா சுத்திப் பார்க்க வந்தோம்."

"டார்ச் அடிச்சு என்னத்த சுத்திப் பாக்குற?"

இப்ப என் ரூம்மேட் உதவிக்கு வந்தான். "ஐயா, இது ஒரு கேம். புதையல் வேட்டை மாதிரி."

புதையல். இந்தச் சொல்லை அவன் சொன்ன செகண்ட்ல எல்லார் முகமும் மாறினதை நான் பார்த்தேன். இங்கிலீஷ்ல அது குழந்தைங்க பர்த்டே பார்ட்டி. நம்ம ஊர்ல அது ராத்திரி பூஜை, குழி, மந்திரவாதி, சில சமயம் பலி. பேப்பர்ல படிக்கிறோமே, புதையல் ஆசையில வீட்டுக்குள்ளயே குழி தோண்டினாங்கன்னு, அது. "பையைத் திற"ன்னாங்க. திறந்தேன்.

ஆறு எலுமிச்சம்பழம். ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்னு தங்கச்சி கொண்டு வந்தது. கொஞ்சம் உப்பு ஒரு பொட்டலத்துல. அதுக்கு அடியில, டப்பாவுல போடலாம்னு நான் வாங்கின குட்டி பிளாஸ்டிக் பொம்மைங்க.

இப்ப சொல்லும்போது சிரிக்கிறேன். அப்ப எனக்கு ஓடினது வேற. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போச்சு. வழியில பசங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வாட்ஸ்ஆப்ல வதந்தி சுத்திட்டு இருந்த நேரம். கும்பல் சேர்ந்து அடிச்சதுல 65 வயசு அம்மா ஒருத்தங்க இறந்துட்டாங்க. அவங்க பண்ணது சாக்லேட் கொடுத்தது மட்டும்தான். என் பையில பொம்மை இருந்தது. பக்கத்துல என் தங்கச்சி நிக்கிறா.

சமாளிச்சது அவதான். போனை அந்தப் பெரியவர் கையிலயே கொடுத்துட்டா. "தாத்தா, இங்க பாருங்க. இந்த மேப்ல புள்ளி தெரியுதுல்ல? அங்க ஒரு டப்பா இருக்காம். யாரோ வெளியூர்க்காரங்க வெச்சிருக்காங்க. உள்ள ஒரு நோட்டு, அதுல பேரு எழுதணும், அவ்வளவுதான். நீங்களும் வாங்க, சேர்ந்தே தேடலாம்."

பெரியவர் போனை தூரமா பிடிச்சுப் பார்த்தாரு. பின்னாடி இருந்து ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன், "அந்தப் பச்சை டப்பாவா? அது மழைல உருண்டு கீழ வந்துடுச்சுக்கா. எங்க சித்தப்பா ஆணி போட்டு வெச்சிருக்காரு."

ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் யாரோ சிரிச்சாங்க.

சித்தப்பா வீட்டுக்குப் போனோம். டப்பா இருந்தது, நல்ல மூடி, ஒரு இன்ச் ஆணி, ரெண்டு இன்ச் ஆணி, கொஞ்சம் திருகாணி. நோட்டு நனைஞ்சு போனதால தூக்கிப் போட்டுட்டாராம். "உங்களுதுன்னா எடுத்துக்கங்க தம்பி"ன்னு நிஜமாவே ஆணியைக் கொட்டப் போனாரு. வேணாம்னேன். டீ கொடுத்தாங்க. எலுமிச்சம்பழத்தை அவங்க வீட்லயே கொடுத்துட்டு வந்துட்டோம்.

வீட்டுக்கு வந்து "கிடைக்கவில்லை"ன்னு பதிவு பண்ணேன், என்ன ஆச்சுன்னும் எழுதினேன். அதை வெச்சவர் பல வருஷமா ஆப் பக்கமே வரல. ஊர் சுத்த வந்தவரா இருக்கணும். இப்படி டூர் வந்த இடத்துல வெச்சுட்டுப் போறதுக்கு விதிப்படி அனுமதி கிடையாது, ஏன்னா உடைஞ்சா வந்து பார்க்க ஆள் இருக்கணும். அந்த விதியோட அருமை எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது. அவரு அந்தச் சித்தப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உருண்டு வந்த டப்பாவை அவரே மறுபடி மேல வெச்சிருப்பாரு.

அதனால நான் இப்ப ஒளிஞ்சு தேடுறதில்ல. போனதும் முதல்ல டீக்கடை. "அண்ணே, இப்படி ஒரு டப்பா தேடி வந்திருக்கோம்"னு சொல்லி, போனைக் காட்டி, அப்புறம்தான் தேடுவேன். பகல்ல மட்டும். பசங்களுக்கு எதுவும் கொடுக்க மாட்டேன், பெரியவங்க கூட இருந்தாலும். இதை வெளிநாட்டு கேஷிங் நண்பர்கள்கிட்ட சொன்னா, "எல்லாருக்கும் தெரிஞ்சா டப்பா தங்காதே"ன்னு கேக்குறாங்க. தங்காம போகலாம். பிளாஸ்டிக் டப்பா அறுபது ரூபா.

புதுசா வைக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: உள்ள இருக்கிறது வெளிய தெரியிற டப்பாவா வாங்குங்க. மேல பெருசா தமிழ்ல எழுதுங்க. இன்னொரு டப்பாவுல இருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கணும், நம்ம ஊர்ல அது ஒரு பிரச்சனையே இல்ல. கோயில், கோட்டை, ஸ்டேஷன், பாலம் வேணவே வேணாம். காடுன்னா வனத்துறைகிட்ட கேக்காம கால் வைக்காதீங்க.

டப்பாவே இல்லாத வகையும் இருக்கு, நம்ம ஊருக்கு அதுதான் பொருத்தம்னு எனக்குத் தோணுது. எர்த்கேஷ்னு பேரு, 2004ல அமெரிக்க நிலவியல் சங்கம் ஆரம்பிச்சது. ஒரு பாறையோ அருவியோ இருக்கிற இடத்துக்குப் போய், பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பணும். விழுப்புரம் மாவட்டத்துல திருவக்கரை கல்மரப் பூங்கா இருக்குல்ல, மரம் அப்படியே கல்லா மாறிக் கிடக்கும், அந்த மாதிரி இடம் இதுக்குன்னே செஞ்சது. எதையும் வைக்க வேணாம், எதையும் எடுக்கவும் கூடாது. யாரு கேட்டாலும் "கல்லு பார்க்க வந்தோம்"னு உண்மையையே சொல்லலாம்.

ஆனா டப்பா ஆசை விடல. எங்க அபார்ட்மென்ட் பக்கத்துல ஒரு நர்சரி, செடி விக்கிற அக்காகிட்ட கேட்டிருக்கேன். "என் கண்ணு முன்னாடி இருக்கிற மாதிரி வை"ன்னாங்க. மேல ஒட்ட எழுதினது இது: "இது ஒரு விளையாட்டு. உள்ளே ஒரு நோட்டும் பென்சிலும் மட்டுமே உள்ளன. திறந்து பாருங்கள், உங்கள் பெயரையும் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்." என் நம்பர்தான்.

இதுக்கு மேல தலைப்பா போட ஒரு சொல் வேணும். புதையல் கிடையாது, அது முடிஞ்சு போச்சு. "ஒளிச்சு வெச்ச டப்பா"ன்னா அந்த அக்கா சிரிக்கிறாங்க, கள்ளத்தனமா இருக்காம். நல்ல பேரு தோணிச்சுன்னா மெயில் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா ஸ்டிக்கர் பிரிண்ட் பண்ணிடுவேன்.