துரும்பல்ல, துரு!

களியக்காவிளையைத் தாண்டி வடக்கே வரும் லாரிகள் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து நெய்யாற்றின்கரையை நோக்கி விரைகின்றன. காய்கறி, தோவாளைப் பூ, சிமெண்ட், கருங்கல் ஜல்லி என்று விதவிதமான சரக்குகள். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்திற்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியவை. அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களில் பலர் தமிழர்கள். மதிய வேளையில் மர நிழலில் வண்டியை ஒதுக்கி, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, காபினிலேயே ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார்கள்.

முன்பெல்லாம் அது வியர்வையில் நனைந்த தூக்கம். இன்று பல லாரிகளின் காபினில் ஏ.சி. வந்துவிட்டது. மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, புதிதாகத் தயாராகும் லாரிகளில், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட அனைத்திலும் டிரைவர் காபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். வெயிலில் வெந்த தொழிலாளிக்கு இது பெரிய வரம் என்பதில் ஐயமில்லை.

வரத்தோடு ஒரு சிறு தொல்லையும் வந்திருக்கிறது. டிரைவர் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. "அண்ணாச்சி, வண்டி ஒழுகுதே, பாத்தீங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டால், "அது ஏ.சி. தண்ணி தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வரும். அது ஏ.சி. தண்ணீர் என்பது சரிதான். ஒன்றும் ஆகாது என்பதுதான் சரியில்லை. அந்தத் தண்ணீர் தரையில் விழுகிறதா, சேசிஸின் மேல் விழுகிறதா என்பதைப் பொறுத்தது அது.

எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

குளிர்ந்த சோடா பாட்டிலை மேசையில் வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அதே கதைதான் இங்கும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதையே 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 9 கிராமைத்தான் தாங்கும். மிஞ்சியது ஏ.சி.யின் குளிர்ச் சுருளில் நீராகப் படிந்து, கீழேயுள்ள தட்டில் வடிந்து, ஒரு சிறு குழாய் வழியாக வெளியேறுகிறது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்கும் மண் இது. பூவாறு, பொழியூர் கடற்கரையும் அருகிலேயே இருக்கிறது. காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. ஆகவே வறண்ட ஊர்களில் ஓடும் வண்டியைவிட இங்கே ஓடும் வண்டியின் ஏ.சி. அதிகமாகவே தண்ணீர் கொட்டும். இது பழுது அல்ல. ஏ.சி. ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

எங்கே தங்குகிறது?

சேசிஸ் என்பது லாரியின் முதுகெலும்பு. முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு எஃகு உத்திரங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள். உத்திரத்தின் குறுக்குவெட்டு, 'ப' என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாற்போல் இருக்கும். அதன் கீழ் மடிப்பில் தூசியும் சேறும் படியும். பிராக்கெட்டும் போல்ட்டும் சேரும் இடுக்குகளிலும் அப்படியே. ஏ.சி. குழாயின் வாய் அந்த உத்திரத்திற்கு நேர் மேலே அமைந்துவிட்டால், சொட்டும் தண்ணீர் அந்தச் சேற்றில் ஊறித் தங்கும்.

வண்டி ஓடும்போது காற்று தண்ணீரைச் சிதறடித்துவிடும். நிற்கும்போதுதான் வினை. அதுவும் தினமும் லோடு ஏற்றவும் இறக்கவும் மணிக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு, ஒரே இடத்தில் ஓயாமல் சொட்டு விழுகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சொட்டுமேல் சொட்டு விழுந்தால் பெயிண்ட் உப்பி உரியாதா?

இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துரு. அதில் உப்பும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். ஏ.சி. தண்ணீரில் உப்பு இல்லை என்பது உண்மையே. ஆனால் கடற்காற்று கொண்டுவந்த உப்பும், மீன் லோடு வண்டியானால் மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்பு நீரும் சேசிஸில் ஏற்கெனவே படிந்திருக்கின்றன. காய்ந்து கிடக்கும் அந்த உப்பை ஏ.சி. தண்ணீர் மறுபடி கரைத்து உயிர்ப்பிக்கிறது. மழைக்காலம் முடிந்த பிறகும் சேசிஸின் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் மழை ஓய்வதில்லை.

பனி நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு அடிச்சட்டத்தை அரிப்பது அங்கே பெரிய பிரச்னை. அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் வண்டிகளின் அடிச்சட்டத் துரு பற்றிய வழக்கில், 2016-ல் டொயோட்டா நிறுவனம் கோடிக்கணக்கான டாலர் செலவுக்கு இசைந்து சமரசம் செய்துகொண்டது. அங்கே உப்பு சாலையில் கிடக்கிறது. இங்கே காற்றில் வருகிறது. இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு முழக் குழாய்

இதற்குப் பரிகாரம் பெரிய செலவில்லை. ஒரு முழம், தேவைப்பட்டால் இரண்டு முழம் ரப்பர் குழாயும், ஒன்றிரண்டு கிளிப்புகளும் போதும்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஏ.சி.யைப் போட்டு, கால்மணி நேரம் கழித்துத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். நேரே தரையில் விழுந்தால் கவலையில்லை. சேசிஸிலோ பிராக்கெட்டிலோ விழுந்தால், வடிகுழாயின் வாயில் அதே அளவுள்ள ரப்பர் குழாயை மாட்டி, உத்திரத்தின் கீழ் விளிம்புக்கும் கீழே தண்ணீர் விழும்படி கொண்டுபோக வேண்டும்.

எளிய வேலைதான், ஆனாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழாய் வழி முழுவதும் இறக்கமாகவே செல்ல வேண்டும். நடுவில் தொய்ந்து மேலேறினால் அங்கே தண்ணீரும் அழுக்கும் தேங்கி வழியை அடைக்கும். அடைத்தால் தண்ணீர் திரும்பிக் காபினுக்குள்ளேயே கொட்டும். குழாயின் வாய் பின்புறம் பார்த்தபடி சாய்வாக வெட்டப்பட்டிருந்தால், எதிர்க்காற்றும் சேறும் உள்ளே புகாது. சைலன்சர், பிரேக் குழாய்கள், மின்சார ஒயர்கள், சுழலும் பாகங்கள் ஆகியவற்றின் பக்கம் அது போகவே கூடாது.

பலரும் மறப்பது ஒன்று: எஞ்சின் வேலைக்காக லாரிக் காபினை முன்புறம் சாய்ப்பார்கள். குழாயைக் காபினிலும் சேசிஸிலும் இறுக்கிக் கட்டினால், காபினைச் சாய்க்கும்போது அது பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே காபினோடு மட்டும் பிடித்துவிட்டு, கீழ்முனையைத் தொங்கவிடுவது நல்லது. கிளிப் மாட்டுவதற்காகச் சேசிஸில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. துருவைத் தடுக்கப் போய் எஃகின் பலத்தைக் குறைத்த கதையாகிவிடும். வாரண்டியில் இருக்கும் புது வண்டியானால் கம்பெனி சர்வீஸ் நிலையத்திலேயே இதைச் செய்யச் சொல்வது உத்தமம்.

இன்னொன்று. கீழே சொட்டுவது ஏ.சி. தண்ணீர்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அது நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீராக இருக்கும். பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் ரேடியேட்டர் கூலண்டாக இருக்கலாம். எண்ணெய்ப் பசை இருந்தால் வேறெங்கோ கசிவு. அப்போது குழாய் மாட்டிப் பயனில்லை, மெக்கானிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, காயவிட்டு, பிரைமரும் பெயிண்டும் அடித்தால் போதுமானது. சுத்தியலால் தட்டினால் பாளம் பாளமாக உதிர்ந்தாலோ, கீறல் தெரிந்தாலோ அது பெயிண்டால் மூடி மறைக்கும் விஷயமல்ல. தேர்ந்தவரிடம் காட்டிய பிறகே லோடு ஏற்ற வேண்டும்.

யார் குனிந்து பார்ப்பது?

இங்கேதான் சிக்கல். வண்டி முதலாளியுடையது. அவர் அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பது பெரும்பாலும் தகுதிச் சான்று வாங்கும் சமயத்தில்தான். எட்டு வயது வரை லாரிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அந்தச் சான்று. அதற்கு மேல் ஆண்டுதோறும். துரு அதுவரை காத்திருப்பதில்லை. தினமும் வண்டியோடு இருப்பவர் டிரைவர். சொட்டு விழுவதைக் காண்பவரும் அவரே. "நம்ம வண்டியா?" என்று அவர் சும்மா இருந்துவிட்டால், நாளை பாரத்தோடு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சட்டம் விண்டால், முதலில் ஆபத்து அவருக்குத்தான். வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நின்றால் படியும் சம்பளமும் நின்றுபோவதும் அவருக்குத்தான்.

முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. டிரைவர் வந்து சொல்லும்போது, "ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஓட்டு" என்று சொல்வது தீர்வல்ல. களைப்பில்லாத டிரைவர்தான் வண்டிக்கு முதல் காப்பு. குழாயை மாற்றிக் கொடுப்பதுதான் முறை.

எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். நாம் துரு என்பதை மலையாளத்தில் 'துரும்பு' என்கிறார்கள். தமிழில் துரும்பு என்றால் அற்பமான பொருள். இந்த எல்லைச் சாலையில் ஓடும் லாரிக்காரர்கள், துருவைத் தமிழ்த் துரும்பாக நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்ற பழமொழிப்படி, ஒரு முழக் குழாயும் ஒரு லாரியைக் காக்க உதவும். அடுத்த முறை மர நிழலில் வண்டியை நிறுத்தும்போது, தூங்கப் போகுமுன் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டால் போதும்.