மரத்தின் காயம் ஆறுவதில்லை

பாலோவில் உங்கள் வீட்டோரம் மாமரமோ ரம்புத்தான் மரமோ நிற்கிறதா? மழைக்காலத்துக்கு முன் உச்சியை மொட்டையடித்தால் ஆபத்து நீங்கும் என்று எண்ணாதீர்கள். அங்கே துளிர்க்கும் புதுக்கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. வளர்ந்தபின் காற்றில் எளிதாக முறியும்.

நம் தோலைப்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றித் தடுப்புச்சுவர் எழுப்பி, அழுகலை உள்ளேயே அடைக்கப் பார்க்கிறது மரம். 1977இல் இதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். வெட்டை மூடும் திசு அங்கிருந்தே வளர்கிறது. எனவே புடைப்பைச் சீவாமல், சற்று வெளியே அறுக்க வேண்டும். மின்கம்பியருகே கிளை இருந்தால் நீங்கள் ஏறாதீர்கள். பயிற்சி பெற்றவரை அழைக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.