டிரஸரின் கண்ணும் ருத்தேனியத்தின் ஒளியும்

மலேசியாவின் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் நீரிழிவைக் கண்ணால்தான் கண்டுபிடித்தார்கள். டிரஸர், அதாவது மருத்துவ உதவியாளர், கண்ணாடிக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் திரவத்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார். நீலம் மாறாவிட்டால் பயமில்லை. பச்சை வந்தால் கொஞ்சம், மஞ்சள் வந்தால் கூடுதல். செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றோடு தேத்தண்ணியில் சீனி கிடையாது.

இன்று கூலிம் மாவட்டத்துக் கரங்கானில் தைராய்டுக்கென்றோ நெஞ்சு வலிக்கென்றோ எடுக்கும் இரத்தம் பெரிய லேப்புக்குப் போகிறது. அங்கே பயன்படும் இயந்திரங்களில் ஒரு வகையும் ஒளியைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்த ஒளி எந்த டிரஸரின் கண்ணுக்கும் தெரியாத அளவு மங்கல். மின்வேதி ஒளிர்வு என்று அதற்குப் பெயர்.

இரத்தம் ஒளிர்வதில்லை, அதில் கலக்கும் ருத்தேனியச் சேர்மம்தான் ஒளிர்கிறது. தேடும் மூலக்கூறை இரண்டு எதிர்ப்புரதங்கள் இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றில் காந்தத்துகள், மற்றதில் ருத்தேனியம். காந்தம் அந்தக் கூட்டத்தை மின்முனைமேல் இழுத்து வைக்க, மிச்சமெல்லாம் கழுவிப் போகும். பிறகு மின்சாரம் பாயும். கூடவே இருக்கும் டிரைபுரோப்பைலமின் எலெக்ட்ரானை இழந்து சிதையும். அந்த வேகத்தில் ருத்தேனியம் கிளர்ந்து, சுமார் 620 நானோமீட்டரில் செம்மஞ்சள் ஒளி விடும். அமின் தீர்ந்துபோகும், ருத்தேனியம் தீராது. அதே அணு திரும்பத் திரும்ப மினுக்கும்.

வெளியிலிருந்து விளக்கு அடிக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். பால்மரக் காட்டில் டார்ச் அடித்துக்கொண்டு மின்மினி தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது. டார்ச்சை அணைத்தால் ஒரே ஒரு பூச்சி இருந்தாலும் தெரியும்.

இந்த ஒளியைப் பற்றிய முதல் ஆய்வுகள் 1964, 1965இல் வந்தன. 1965 கட்டுரை ஒன்றில் டெக்சஸ் பல்கலைக்கழகத்து ஆலன் பார்டின் பெயரோடு கே. எஸ். வி. சந்தானம் என்ற பெயரும் இருக்கிறது. களத்தூர் என்பதுதான் அந்த ‘கே’. பிற்பாடு பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். மின்வேதி ஒளிர்வின் கதையைத் தமிழில் சொல்லும்போது இந்தப் பெயரை விடுவது நியாயமில்லை. ருத்தேனியம் 1972இல் வந்து சேர்ந்தது. 1996இல் பொஹ்ரிங்கர் மன்ஹைம் நிறுவனம் ‘எலெக்சிஸ்’ இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. இப்போது அது ரோஷ் வசம்.

மலேசியாவில் 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். அப்படியானால் சர்க்கரைக்கும் இந்த ஒளி வேண்டுமா? வேண்டாம் என்பேன். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரே போதும். அது மின்னோட்டத்தை அளக்கிறது, ஒளியைத் தேடுவதில்லை. ஒரு லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை சுமார் 90 கோடி நானோகிராம் இருக்கும். மாரடைப்பில் கசியும் டிரோபோனின்-டி அதே ஒரு லிட்டரில் 14 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர் உஷாராவார். ஒளி வேண்டியது அங்கேதான். அவசரச் சோதனையில் 9 நிமிடத்தில் விடை வந்துவிடும். ஆனால் அது இயந்திரத்தின் 9 நிமிடம். கரங்கானிலிருந்து இரத்தம் போய்ச் சேரும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை.

இயந்திரத்தைச் சிறிதாக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. ஹைதராபாத் பிட்ஸ் பிலானி வளாகத்தில் சங்கேத் கோயல் குழுவினர், பாலிமைடு தாளை லேசரால் கருக்கி அதையே கிராஃபீன் மின்முனையாக்குகிறார்கள். லூமினால் என்ற பொருள் சிந்தும் நீல ஒளியை, இருட்டுப் பெட்டிக்குள் வைத்த கைப்பேசிக் கேமரா படம் பிடிக்கிறது. சர்க்கரை, லாக்டேட் போன்றவற்றை இப்படி அளந்திருக்கிறார்கள். டிரஸர் கண்ணைச் சுருக்கிப் பார்த்த இடத்தில் இப்போது கேமரா.

   

இந்தக் கைப்பேசி முறை சர்க்கரையிலிருந்து டிரோபோனினுக்குத் தாவுவதுதான் கஷ்டம். எதிர்ப்புரதங்கள் கெடாமல் குளிரில் இருக்க வேண்டும். ஒட்டாததையெல்லாம் சுத்தமாகக் கழுவித் தள்ள வேண்டும். அந்தக் கழுவலைப் பெரிய இயந்திரம் தானாகவே செய்துகொள்கிறது, உள்ளங்கை அளவுத் தாளில் அதைச் செய்வது லேசான காரியமில்லை. அதனால் கரங்கான் இரத்தம் இன்னும் ஐஸ் பெட்டியில் ஏறி ரோட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறது.