போக்கியப் பத்திரம் கைமாறும்போது: விற்பவரிடம் விலையை மட்டும் கேட்டால் போதாது

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் இன்று நெல் வயலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1961-ல் ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதன்பின் குடியிருப்புகள் பெருக, சுற்றுப்பட்டு நிலங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாயின. ஆனாலும் இங்குள்ள பல குடும்பங்களுக்கு நிலத்தோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. மனை விற்ற பணத்தையோ, பணி ஓய்வில் கிடைத்த தொகையையோ திருநின்றவூர், திருவள்ளூர் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கொடுத்து, அவர் நிலத்தைப் போக்கியத்துக்கு எடுத்திருப்பவர்கள் ஆவடிப் பக்கம் உண்டு. தென் மாவட்டங்களில் இதையே ஒத்தி என்பார்கள்.

மூன்று வருடக் கெடுவில் ஒரு வருடம்தான் ஓடியிருக்கும். அதற்குள் பணம் கொடுத்தவர் வீட்டில் மகளுக்குக் கல்யாணம் கூடிவரும், அல்லது மருத்துவச் செலவு வந்துவிடும். நிலத்துக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்காது. போக்கியக்காரர் மூன்றாவது ஆள் ஒருவரைத் தேடுவார். அந்த ஆள் பணத்தைக் கொடுத்துப் போக்கியத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். புரோநோட்டில் மேடோவர் என்று சொல்லும் அதே வேலைதான் இது. ஆனால் இங்கே நிலம் சம்பந்தப்பட்டிருப்பதால் நோட்டின் பின்புறம் கையெழுத்துப் போட்டு முடித்துவிட முடியாது.

அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். வீட்டை விற்றவரே தவணைக்கு விட்டு, அந்த அடமானப் பத்திரத்தைப் பின்னர் இன்னொருவருக்கு விற்றுவிடுவார். தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. சென்னையில் 1929-ல் தொடங்கிய மத்திய நில அடமான வங்கி இந்த அடிப்படையில்தான் நடந்தது. ஊர்களில் இருந்த தொடக்க நில அடமான வங்கிகள் விவசாயிகளிடம் நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தன. அந்த ஈட்டுப் பத்திரங்கள் மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டன. அவற்றின் பலத்தில் மத்திய வங்கி கடன் பத்திரம் வெளியிட்டு, பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டியது. பணம் போட்டவர்கள் அந்த விவசாயியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அசலுக்கும் வட்டிக்கும் அரசு உத்தரவாதம் இருந்தது, அதனால் நம்பினார்கள். தனி மனிதர்கள் இருவருக்குள் போக்கியம் கைமாறும்போது அப்படியோர் உத்தரவாதம் கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதே அந்த இடத்தை நிரப்புகிறது.

சட்டமும் இதில் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 60-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. கடன் வாங்கியவர் பணத்தைக் கட்டி மீட்கும் நிலையில், 'பத்திரத்தை எனக்குத் திருப்பித் தர வேண்டாம், நான் காட்டும் ஆளுக்கு மாற்றிக் கொடு' என்று கடன் கொடுத்தவரைக் கேட்க அது உரிமை தருகிறது. சுவாதீனமில்லாத அடமானத்துக்கு, அதாவது நிலம் உடையவரிடமே இருந்து பத்திரம் மட்டும் ஈடாக இருக்கும் கடனுக்கு, இது பொருந்தும். நிலத்தைத் தன் கையில் வைத்து அனுபவிக்கும் போக்கியக்காரருக்குப் பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக, போக்கியத்தை மாற்றித் தரச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த வழியில்லை. அவராக மனம் வைத்தால்தான் உண்டு.

அதனால் பேச்சை விலையில் தொடங்குவது சரியல்ல. விற்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் 3 லட்ச ரூபாய் போக்கியத்தை 2 லட்சத்துக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் கிடைக்கவும் செய்யும். ஆனால் வயிறெரிந்து விற்பவர் பத்திரத்தை மட்டும் நீட்டுவார், அதற்குள் இல்லாத விஷயத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார். போக்கியத்தில் முக்கியமான சங்கதிகள் பாதி பத்திரத்துக்கு வெளியேதான் இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்திரத்தில் 3 லட்சம் என்று எழுதியிருக்கிறது. நடுவில் நிலத்துக்காரர் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று 40,000 ரூபாய் கைமாற்றாக வாங்கியிருக்கிறார். அதற்கு எழுத்து எதுவும் இல்லை. விற்பவர் வாங்குபவரிடம் 3 லட்சத்து 40 ஆயிரம் கேட்பார். வாங்குபவர் அதைக் கொடுத்துவிட்டால், நிலத்துக்காரர் மீட்க வரும் நாளில் 3 லட்சத்தை நீட்டி 'பத்திரத்தில் இதுதானே இருக்கிறது' என்பார். நேர்மாறாகவும் நடக்கலாம். நிலத்துக்காரர் 50,000 ரூபாயை முன்கூட்டியே கட்டியிருப்பார், அதற்கும் ரசீது இருக்காது. விற்றவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுதான் வாங்கியவருக்கு வரும். கட்டிய தொகை கழிந்ததாகவே கணக்கு. இந்த இரண்டு விஷயத்தையும் வில்லங்கச் சான்று காட்டாது. விற்பவர் வாய் திறந்தால் மட்டுமே தெரியும்.

அவரிடம் நிதானமாகக் கேட்டறிய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. மோட்டார் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? நிலத்தில் உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டா, அவர்களும் போக்கியத்தில் கையெழுத்திட்டார்களா? பாசன முறை யாருக்கு எந்த நாள்? போக்கியக்காரரே உழுகிறாரா, இல்லை வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டிருக்கிறாரா? வாரத்துக்கு விட்டிருந்தால் அந்த உழவரையும் பார்த்துப் பேசாமல் பணம் கொடுக்கக்கூடாது. விற்பவரை வயலுக்கே அழைத்துப் போய் வரப்பில் நின்று பேசினால் இவையெல்லாம் தானாகவே வெளிவரும். டீக்கடையில் தரகரை நடுவில் வைத்துக்கொண்டு பேசினால் வராது.

ஏன் விற்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். அது ஆறுதல் விசாரிப்பு மட்டுமல்ல. கல்யாணச் செலவு என்றால் விஷயம் நேரானது. நிலத்துக்காரரோடு தகராறு என்று தெரிந்தால், பணத்தோடு அந்தத் தகராறையும் சேர்த்து வாங்குவதாக அர்த்தம். விற்பவருக்கு எந்தத் தேதிக்குப் பணம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, சொன்ன தேதியில் வங்கி மூலம் கொடுப்பவருக்குத்தான் அடுத்த முறையும் முதல் அழைப்பு வரும். ஒன்றிரண்டு ஆயிரம் பேரம் பேசி மிச்சப்படுத்துவதைவிட இது பெரிது.

விற்பவர் இறந்துபோய் பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. போக்கிய உரிமை வாரிசுகள் எல்லாருக்கும் போகும். மூத்த மகன் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டால் மற்றவர்களின் பங்கு மாறாது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துவிடுவது நல்லது. கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகளை விட்டுவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. வழக்குகள் பல அங்கேதான் முளைக்கின்றன.

மூன்றாவது ஆள் நிலத்துக்காரர். அவருக்குத் தெரியாமல் இதை முடிக்க நினைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. தெரியாமல் செய்தால் அவர் பழைய ஆளிடமே பணத்தைக் கட்டிவிட்டு நிற்பார். மாற்று ஆவணத்திலேயே 'இன்றைய தேதியில் பாக்கி இவ்வளவு' என்று அவரையும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் செய்தால் மேலே சொன்ன 40,000, 50,000 பிரச்சினைகள் அன்றோடு தீரும். அவர் வரமறுத்தால் குறைந்தபட்சம் அவர் கைக்குச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் தகவல் அனுப்ப வேண்டும். தன் நிலம் புதிதாக ஒருவர் கைக்குப் போகிறதே என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் பழைய போக்கியக்காரர்தான். அவர் கூட வந்து 'இவர் நல்லவர், பணத்தைக் கட்டினால் நிலத்தை விட்டுவிடுவார்' என்று சொன்னால் வேலை சுலபம். விற்பவரோடு நல்லபடியாகப் பழகியதன் பலன் இந்த இடத்தில்தான் தெரியும்.

ஆவண விஷயம் சுருக்கமாக: அடமானக் கடன் அசையாச் சொத்தைச் சேர்ந்தது. எனவே மாற்று ஆவணத்தை, நிலம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கே பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துக்கொள்ளலாம். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம். சென்னை போன்ற அறிவிக்கப்பட்ட நகரங்களில் மூலப்பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும், அதற்குப் பதிவு கட்டாயமில்லை என்று சட்டப் பிரிவுகள் 58, 59 சொல்கின்றன. நிலம் கிராமத்தில் இருந்தாலும் பத்திரத்தை நகரத்தில் யாரிடமாவது ஒப்படைத்திருக்கலாம். அது வில்லங்கத்தில் வராமலே போகலாம்.

மாற்று ஆவணம் எதற்கு, பழைய போக்கியத்தை ரத்து செய்துவிட்டு நிலத்துக்காரரிடமே புதிதாக எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் பழைய போக்கியத்துக்குப் பிறகு நிலத்துக்காரர் வேறெங்காவது அதே நிலத்தை ஈடு வைத்திருந்தால், புதிய பத்திரம் அதற்குப் பின்னால் போய் நிற்கும். பழைய போக்கியமே மாறி வந்தால் அதன் பழைய தேதியும் முன்னுரிமையும் கூடவே வரும்.

பழைய பத்திரங்களில் ஒரு எச்சரிக்கை. சுவாதீனமில்லாத அடமானத்தில் பணம் வரவேண்டிய தேதியிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். இடையில் எழுத்து மூலமான ஒப்புதலோ வரவோ இல்லாமல் அந்தக் காலம் கடந்துவிட்டால் அந்தத் தாளை வாங்குவது வீண். போக்கியத்திலோ கதை வேறு. 'முப்பது வருடம் ஆகிவிட்டது, இனி நிலம் நமக்குத்தான்' என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். போக்கியத்தில் வெறுமனே காலம் கடந்ததால் நிலத்துக்காரரின் மீட்பு உரிமை போய்விடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தவிர, 1938-ல் ராஜாஜி ஆட்சியில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தொடங்கி, பிற்காலத்திலும் இங்கே பல நிவாரணச் சட்டங்கள் வந்துள்ளன. மிகப் பழைய போக்கியம் என்றால் வழக்கறிஞரிடம் காட்டாமல் தொடக்கூடாது.

வங்கியில் இருக்கும் அடமானத்தை இப்படி வாங்க முடியுமா என்றால், முடியாது. வங்கிகள் கடன்களை மற்ற வங்கி, நிதி நிறுவனம், சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் போன்றவற்றுக்கே விற்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. தனி ஆளுக்கு இடமில்லை. போக்கியம், அடமானம் என்று தொடர்ந்து பணம் கொடுப்பதையே தொழிலாக்கிக் கொள்பவருக்கு 1957-ஆம் ஆண்டின் வட்டிக்கடை உரிமச் சட்டமும் நினைவில் இருக்கட்டும்.

கைமாறும் நாளைக் குறிப்பதிலும் விவசாயப் புத்தி வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். நவரைக் கதிர் முற்றி நிற்கும்போது பத்திரத்தை மாற்றினால், விளைச்சல் யாருக்கு என்ற சண்டை அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் நாளில் கிளம்பும். அறுவடை முடிந்து வைக்கோலும் ஏறிய பிறகு, சொர்ணவாரிக்கு உழுவதற்கு முன் மாற்றிக்கொள்வது நல்லது. அது முடியாதென்றால், நிற்கும் பயிர் யாருடையது, உரக்கடை பாக்கி யாருடையது என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். பி.எம். கிசான் பணம் 6,000 ரூபாய் நில உரிமையாளருக்குத்தான் போகும், போக்கியக்காரர் அதை எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் பயிர்க் காப்பீட்டுக்குச் சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய போக்கியக்காரரும் நிலத்துக்காரரும் கூட வந்து சொன்னால், அந்த அடங்கல் அடுத்த பட்டத்துக்கு முன் கைக்கு வந்துவிடும்.