மிளகு கேட்டால் என்ன வரும்?

மாட்ரிட் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சூப் சப்பென்று இருக்கிறது. மேலே தூவ மிளகுத்தூள் வேண்டும். ஆங்கிலம்-ஸ்பானிஷ் அகராதியில் 'பெப்பர்' என்று தேடினால் எதிரே இரண்டு சொற்கள்: பிமியெந்தா, பிமியெந்தோ. கடைசி எழுத்துதானே வேறு, எதைச் சொன்னால் என்ன என்று இரண்டாவதைச் சொல்லிவிட்டீர்களானால், மேசைக்குக் குடைமிளகாய் வந்து சேரும். மிளகுக்குப் பெயர் பிமியெந்தா. பிமியெந்தோ என்றால் குடைமிளகாயும் அதன் உறவுகளும்.

ஆங்கிலக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மிளகும் பெப்பர், குடைமிளகாயும் பெப்பர், கண்ணீர் வரவழைக்கும் மிளகாயும் பெப்பர். ஆனால் செடிகளைப் பார்த்தால் இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிளகு, மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. வெற்றிலைக்கு நெருங்கிய சொந்தம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் பிறந்த வீடு. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அதன் குடும்பம். பிறகு எப்படி ஒரே பெயர் இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டது?

அதற்குக் கொலம்பஸைத்தான் கேட்க வேண்டும். 1492-ல் அவர் மேற்கே கப்பல் விட்டது, ஆசியாவின் வாசனைப் பொருள்களுக்கு ஒரு புதுவழி தேடி. மாதிரிக்குக் கொஞ்சம் மிளகையும் கொண்டுபோயிருந்தார். கியூபா தீவு மக்களிடம் அதைக் காட்டி விசாரித்தும் இருக்கிறார்கள். ஆகவே மிளகு பார்க்க எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும், ஹிஸ்பானியோலா தீவில் தாயினோ மக்கள் சாப்பிட்ட ஒரு காரக் காயைப் பற்றி 1493 ஜனவரியில் தன் நாட்குறிப்பில் எழுதும்போது, அது அவர்களுடைய மிளகு என்றும், நாம் அறிந்த மிளகைவிட மேலானது என்றும் குறித்து வைத்தார். தாயினோக்கள் சொன்ன பெயர் 'அஹீ'. கொலம்பஸ் கண்ணை நம்பவில்லை, நாக்கை நம்பினார். ஸ்பெயினில் மிளகின் பெயரில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி, அந்தக் காய்க்குப் பெயராக்கிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். போர்த்துகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே காய்க்கு, மிளகோடு 'காய்' சேர்த்து மிளகாய் என்று பெயர் வைத்தது யார்? நாம்தான்!

கடல் தாண்டி இருந்த இரண்டு ஊர் நாக்குகளும் ஒரே மாதிரி நினைத்தது தற்செயல் இல்லை. மிளகுக்குக் காரம் தருவது பைப்பரின் என்ற வேதிப்பொருள். 1819-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்தார். மின்சாரம் ஓடும் கம்பி அருகில் காந்த ஊசி திரும்பும் என்று மறு ஆண்டே கண்டுசொன்னாரே, அதே ஓர்ஸ்டெட்தான். மிளகாயில் இருப்பது வேறொன்று, கேப்சைசின். இரண்டும் வேறு வேறு என்றாலும் நாக்கில் போய்த் தட்டுவது ஒரே கதவை. நரம்பு முனையில் இருக்கும் ஒரு புரதம்தான் அந்தக் கதவு, பெயர் டிஆர்பிவி1. வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொண்டு, சுடுகிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும். கேப்சைசின் பட்டாலும் திறக்கும், பைப்பரின் பட்டாலும் திறக்கும். சேதியும் அதேதான். மிளகாயைக் கடித்ததும் வாய் எரிவதும் நெற்றி வேர்ப்பதும் இதனால்தான். டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கிளி மட்டும் மிளகாயைப் பழம்போலக் கொறிக்கிறதே? பறவைகளின் கதவு கேப்சைசினுக்குத் திறப்பதில்லை. கிளி சொன்ன பேச்சில் பெயர் வைத்திருந்தால் மிளகோடு மிளகாயைச் சேர்த்திருக்கவே மாட்டோம்.

சரி, ஸ்பானிஷ் பேசும் ஊருக்குப் போனால் எந்தச் சொல்லை எடுப்பது? கொடியில் காய்த்த சின்ன உருண்டை என்றால் எங்கே போனாலும் பிமியெந்தாதான், யோசிக்கவே வேண்டாம். செடியில் காய்த்தது என்றால்தான் வேலை. ஸ்பெயினில் காரமில்லாத பெரிய காய் பிமியெந்தோ, காரமான சிறியது கிந்தீயா. மெக்சிகோவில் மிளகாய்க்கு 'சீலே' என்று பெயர். அங்கே பழங்காலம் தொட்டுப் பேசப்படும் நாவாட் மொழிச் சொல் அது. தென் அமெரிக்காவில் இருக்கும் சிலி நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பெருவில் அஹீ என்கிறார்கள். இதுதான் எனக்கு வேடிக்கை. பெருவின் கெச்சுவா மொழியில் மிளகாய்க்கு 'உச்சு' என்று சொந்தப் பெயரே உண்டு. ஆனாலும் ஸ்பெயின்காரர்கள் கரீபியன் தீவுகளில் முதலில் கற்றுக்கொண்ட சொல்லையே அங்கேயும் சுமந்துபோய் ஊன்றிவிட்டார்கள். அர்ஜென்டினாவில் குடைமிளகாய் வேண்டுமானால் 'மொர்ரோன்' என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன் என்று துள்ளாதீர்கள். ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில் பத்ரோன் என்று ஓர் ஊர். அதன் பெயரால் அறியப்படும் குட்டிப் பச்சைக் காய்களை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, கல்லுப்பு தூவித் தட்டு நிறையக் கொடுப்பார்கள். இதுவும் பிமியெந்தோதான். பெரும்பாலானவை சாது. நடுவே ஒன்றிரண்டு மட்டும் சுரீரென்று இருக்கும். செடிக்குத் தண்ணீர் குறைந்து வெயில் ஏறினால் கேப்சைசின் கூடிவிடும். எந்தக் காயில் கூடியிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, அதனால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. பாலில் உள்ள கேசீன் புரதம் அதைப் பற்றி இழுத்துவிடும். முதல் காயை எடுக்கும் முன்பே ஒரு டம்ளர் பால் சொல்லிவையுங்கள். பாலுக்கு ஸ்பானிஷில் 'லெச்சே'. நல்லவேளை, அதற்கு ஒரே சொல்தான்.